நாற்பத்திரண்டு டம்ளர்

ஞானசௌந்தரி அக்கா ஆட்களை எண்ண மாட்டார். முப்பது வருஷமாக இரும்புலியூரிலிருந்து பஸ் பிடித்து ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிப் போகிறவர், வண்டி கிளம்பும் நேரத்தில் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஒரு தடவைகூட எண்ணியதில்லை. ஆள் தலையை எண்ணினால் ஒரு தலை குறையும் என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தாராம். பஸ்ஸில் வருகிற பெண்களும் அதை நம்புகிறவர்கள்தான். புதிதாக வந்த டிரைவர் யாராவது நடுவில் நின்று எண்ண ஆரம்பித்தால், "நாங்க இன்னா கோழிக் குஞ்சாய்யா? கைய கீழ எறக்கு" என்று சத்தம் போடுவார்கள்.

எண்ணுவதற்குப் பதிலாக அக்காவிடம் டம்ளர்கள் இருந்தன. நாற்பத்திரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டித் தருகிற கடையில் கொடுத்து, ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண் வெட்டி வாங்கியவை. புறப்படும் அன்று ஆளுக்கு ஒன்று கையில் வந்துவிடும். காபி, மோர், ரசம் எல்லாம் அதில்தான். பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு குழி போட்ட ஒரு பலகை. இறங்கும்போது அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஏறும்போது அவரவர் கையால் குழியில் வைக்க வேண்டும். பலகை நிரம்பினால் வண்டி கிளம்பும். ஒரு குழி காலியாக இருந்தால்கூடக் கிளம்பாது.

"இன்னாக்கா, காசிக்குப் போறமா, ஜெயிலுக்குப் போறமா? நம்பர் போட்ட டம்ளர் குடுக்கற?" என்று ஜெயவேலு அண்ணன் கேலி செய்வார். அவர்தான் டூருக்குச் சமையல்காரர். இருபது வருஷமாகக் கூடவே போகிறவர்.

"ஜெயில்ல ஒரு ஆளு கொறஞ்சா தேடுவாங்க இல்ல? நான் தேட வாணாமா?" என்பார் அக்கா.

ஆறு வருஷம் ஊர் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய மாதம், என்னை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா அக்காவிடம் கூட்டிப்போனாள். இருவரும் ஒரே சர்ச். "ஷீலாவுக்கு ஹிந்தி வரும். உக்காந்த எடத்துல பத்து நிமிஷம் உக்கார மாட்டா. உன்கூடவே இட்டுனு போ" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்து, எங்கெங்கே போயிருக்கிறாய் என்று கேட்டார். லடாக்கில் தொடங்கி வியட்நாம் வரை சொன்னேன்.

"யாரைக் கூட்டினு போன?"

"தனியாத்தான் போனேன்."

"அப்போ பாதி வேலதான் தெரியும் உனக்கு. போறதுல ஒண்ணும் இல்ல. இட்டாந்து வூட்ல வுடறதுதான் வேல."

அது வெறும் பேச்சில்லை. அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கில்தான் நின்றது.

அவருடைய அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை செய்தவர். வருஷத்துக்கு ஒருமுறை குடும்ப பாஸ் கிடைக்கும். பாஸ் இருந்தது, ஆனால் போகிற ஊரில் லாட்ஜ் எடுக்க வழியில்லை. ஆகவே எலுமிச்சை சோற்றைக் கட்டிக்கொண்டு ரயில் கடைசியாக நிற்கிற ஊர் வரை போவார்கள். ராமேஸ்வரம் போனால் கடலைப் பார்த்து, பிளாட்பாரத்தில் சாப்பிட்டு, அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்கள். ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அம்மா சேலைத் தலைப்பில் இருக்கிற முடிச்சுகளைத் தடவிப் பார்ப்பார். பிள்ளைக்கு ஒரு முடிச்சு. பிள்ளைகளை எண்ணாமல் முடிச்சைத் தொட்டுத் தொட்டு முகத்தைப் பார்க்கிற வழக்கம் அது.

அக்கா பென்னி என்கிற வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டார். தொண்ணூற்று மூன்றில் இருவருமாகச் சேர்ந்து, செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு ஒரு வேன் விட்டார்கள். பதினெட்டுப் பேர். அடுத்த வருஷம் தெருவிலிருந்த இந்துப் பெண்கள், "மாதாவுக்கு மட்டும்தான் வேன் ஓடுமா?" என்று கேட்க, மேல்மருவத்தூர், பிறகு நவக்கிரகக் கோயில்கள், பிறகு ஆறுபடை வீடு என்று வண்டி நீண்டது. பென்னிக்கு ஈரல் கெட்டுப்போய் அவர் இறந்தபோது அக்காவுக்கு முப்பத்தாறு வயது. வேனை விற்காமல் வேறு டிரைவரைப் போட்டார். இரண்டாயிரத்து ஆறில் முதல் காசி டூர் போனார். சிலுவை போட்ட செயினோடு கங்கைக் கரையில் நின்று, நாற்பது பேரின் செருப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

காசி டூருக்கு முன்பு ஒரு மீட்டிங் வைப்பார். தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை. அதில் அவர் பேசுகிற பேச்சை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன்.

"அந்தக் காலத்துல காசிக்குப் போறவங்க எப்படிப் போனாங்க தெரியுமா? நடந்து. ஆறு மாசம், எட்டு மாசம். போறதுக்கு முன்னாடி நெலத்த, வூட்ட புள்ளைங்க பேருக்கு எழுதி வெச்சுடுவாங்க. ஊரே வந்து கட்டிப் புடிச்சு அழுவும். ஏன்னா பாதிப்பேர் திரும்பி வரமாட்டாங்க. காலரா, திருடன், ஆத்து வெள்ளம். ராஜாங்க சத்திரம் கட்டி சோறு போட்டாங்க, அப்பயும் வழியிலயே போயிடுவாங்க. திரும்பி வந்தவங்க கால கழுவி ஊரே கும்பிடும். அப்புறம் ரயிலு வந்துச்சு. ரெண்டு நாளு. இப்போ பிளேனு, ரெண்டரை மணி நேரம். என்கூட வரவங்க சொத்து எதுவும் எழுத வாணாம். பால்காரன்கிட்ட எந்தத் தேதியில இருந்து பால் வேணும்னு சொல்லிட்டு வாங்க, போதும்."

கூட்டம் சிரிக்கும். அதற்குப் பிறகு அக்கா சிரிக்காமல் சொல்வார்: "இத்தினி வருஷத்துல நான் இட்டுனு போன ஒருத்தர்கூட திரும்பி வராம இல்ல."

உண்மைதான். ஹரித்துவாரில் நெஞ்சுவலி வந்தவரை ஸ்ட்ரெச்சரிலேயே ரயிலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கன்னியாகுமரியில் கோபித்துக்கொண்டு எங்கோ போன மாமியாரை விடியும் வரை தேடிப் பிடித்து, மருமகளிடம் ஒப்படைத்திருக்கிறார். நான் போய் வந்த இடங்களில் பார்த்த வழிகாட்டிகள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். அக்கா எப்போதும் கடைசியில் நடப்பார்.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

தை அமாவாசைக்குக் கயாவில் இருக்கும்படி போட்ட டூர் அது. நாற்பத்திரண்டு பேர். இருபத்தேழாம் டம்ளர் காந்திமதி அம்மாவுடையது. ஊரப்பாக்கம். அறுபத்தாறு வயது. அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பதியைத் தாண்டி ரயிலில் போனதில்லை. கணவருக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் மாணிக்கவேலுக்கு நாவலூரில் ஐடி வேலை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றவர், கடைசியில் அம்மாவை எங்களோடு ரயிலேற்றிவிட்டார். எதிர்வீட்டு ஜெயஸ்ரீ துணை. ஜெயஸ்ரீக்கு இருபத்தெட்டாம் டம்ளர்.

காந்திமதி அம்மா வந்த பிறகு அந்தக் கோச்சில் யாரும் சும்மா இருக்கவில்லை. கயாவில் பிண்டம் வைத்ததும் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட வேண்டும், அதன்பிறகு சாகிறவரை அதைச் சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். யார் எந்தக் காயை விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

"நான் பாவக்காய வுட்டுடப் போறேன்" என்றார் காந்திமதி அம்மா.

"புடிச்சதைத்தான் மாமி விடணும்" என்றார் ஜெயஸ்ரீ. "உங்களுக்கு பாகற்காய் புடிக்கவே புடிக்காதே."

"சாமிக்கு எப்படித் தெரியும்? நீ போய் போட்டுக் குடுக்காத."

ஜெயவேலு அண்ணன் அன்று மதியம் பாகற்காய்ப் பொரியல் செய்து, "கடைசியா ஒருதபா சாப்டுக்கோங்கம்மா" என்று ஒரு கரண்டி அதிகமாகவே வைத்தார்.

காசியில் மூன்று நாள். நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு வாடகை பஸ்ஸில் கயாவுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பனிமூட்டம். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஏழரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் ஒரு தாபாவில் நிறுத்தினோம். அடிபம்பும், பின்னால் கழிப்பறையும் இருந்ததால் நிறுத்திய இடம். ஜெயவேலு அண்ணன் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டார். எல்லோரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள்.

அக்கா ஒரு வயதானவருக்கு மாத்திரை தேடிக்கொண்டிருந்ததால், பலகையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் படிக்கட்டின் அருகில் நின்றேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஜெயஸ்ரீ ஏறும்போது இரண்டு டம்ளரை இரண்டு குழியில் வைத்தார். நான் பார்த்தேன். காந்திமதி அம்மா பின்னாலேயே வருகிறார் என்று நினைத்தேன். அப்போது யாரோ ஜன்னல் மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் மூடிவிட்டு வந்தபோது பலகை நிரம்பியிருந்தது. டிரைவரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். காந்திமதி அம்மா காபி குடித்துவிட்டு, "புடிச்சுக்க, வந்துடறேன்" என்று டம்ளரை ஜெயஸ்ரீயிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வரிசை நீளம். ஜெயஸ்ரீக்குக் குளிர் தாங்கவில்லை. டம்ளர் தொலைந்துவிடக் கூடாதே என்று, கழுவி, துடைத்து, குழியில் வைத்தார். பிறகு சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

அவர் விழித்தபோது மணி எட்டே முக்கால். சோன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருந்தோம். "மாமி பின்னாடி போய் உக்காந்துட்டாங்களா?" என்று அவர் கேட்டது முன் சீட்டு வரை கேட்டது.

அக்கா எழுந்து நின்று பலகையைப் பார்த்தார். பிறகு பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அப்போதும் எண்ணவில்லை. ஜெயஸ்ரீக்குப் பக்கத்து இருக்கையில் காந்திமதி அம்மாவின் கைப்பை இருந்தது. பைக்குள் போன். பையின் வாரில், அக்காவின் நம்பர் அச்சடித்த அடையாள அட்டை. கழுத்தில் மாட்டிக்கொண்டால் கழிப்பறையில் தொந்தரவு என்று பெண்கள் எல்லோருமே அதைப் பையில்தான் மாட்டியிருந்தார்கள்.

வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கவே கால் மணி நேரம் ஆனது. அந்தப் பனியில் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால்.

தாபாக்காரர் நல்ல மனிதர். எனக்கு ஹிந்தி தெரியும் என்றதும் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா பஸ்ஸுக்குப் பின்னால் ரோட்டோரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாராம். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாராம். ரொட்டி கொடுத்தால் சாப்பிடவில்லையாம். அவர் பேசியதில் இவர்களுக்குப் புரிந்த ஒரே வார்த்தை காசி. பாவம், கும்பலை விட்டுவிட்டார், காசியில்தான் தங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று, எட்டேகாலுக்கு வந்த பனாரஸ் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டாராம்.

"தப்பு பண்ணிட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

அக்கா பஸ்ஸுக்குள் போய், காந்திமதி அம்மா காசிக்குத் திரும்பிப் போயிருக்கிறார், தேட வேண்டும் என்றார். பிறகு நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "நாளைக்கு அமாவாசை. பிண்டம் வைக்கணும். அதுக்குத்தானே எல்லாரும் வந்துருக்கோம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தபடி, "வேற மதத்துக்காரங்கள நம்பி வந்தா இப்படித்தான்" என்றார்.

"எவன்டா அது?" என்று ஜெயவேலு அண்ணன் கரண்டியோடு உள்ளே ஏறினார். "மூணு வேளையும் அக்கா போட்ட சோத்தத் துன்னுட்டு..."

"ஜெயவேலு, எறங்கு" என்றார் அக்கா. "அவங்க சொல்றது சரிதான். நீ இவங்கள இட்டுனு கயா போ. ரூம் சொல்லி வெச்சிருக்கு, ஐயருக்கும் சொல்லி வெச்சிருக்கு. காரியத்த முடிச்சு, டிக்கெட் போட்ட ரயில்ல ஏத்தி, தாம்பரத்துல எறக்கு. நானும் ஷீலாவும் இருக்கோம்."

"நீ இல்லாம எப்படிக்கா?"

"மிச்சம் இருக்கறவங்கள நீதான் கொண்டு போய் சேக்கணும். போடா."

ஜெயஸ்ரீ இறங்கி வந்து அக்காவின் காலில் விழப்போனார். அக்கா அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, திருப்பி, பஸ்ஸில் ஏற்றினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

காசிக்குத் திரும்பும் காரில் நான் சொல்லிவிட்டேன். "ரெண்டு டம்ளர் வெச்சதை நான் பார்த்தேன்க்கா."

அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை என்னுது. எண்ணக் கூடாதுன்னு சொன்னதும் நான். ஒரு தபா வாய் தொறந்து எண்ணியிருந்தா போதும்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியதேயில்லை.

அன்று பகல் முழுவதும் காசி பஸ் ஸ்டாண்டில், ரயில் நிலையத்தில், நாங்கள் தங்கியிருந்த மடத்தில், குளித்த படித்துறையில் தேடினோம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோவைக் கொடுத்து எழுதி வைத்தோம். காந்திமதி அம்மாவின் போனில் இருந்த படங்களில் ஒன்றைத்தான் கொடுத்தோம். கங்கையில் குளிர் தாங்காமல் வாயைத் திறந்து கத்துகிற படம். மற்றதெல்லாம் அவர் எடுத்த கோபுரங்கள். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்து, வேறு படம் இல்லையா என்று கேட்டார்.

மகனுக்குத் தகவல் சொன்னது அக்காதான். நான் பேசுகிறேன் என்றேன், விடவில்லை. "தம்பி, அம்மாவ வுட்டுட்டேன். தேடினு இருக்கேன். நீ வா" என்று நேராகச் சொன்னார்.

மாணிக்கவேல் மறுநாள் விமானத்தில் வந்தார். தகவல் கேட்டு ஆபீஸிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்குப் போனவர், மதியம் காசியில் எங்கள் முன்னால் நின்றார். ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "அம்மாவுக்கு சுகர் மாத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டார். பையில் இருந்தது. அதை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, அந்தப் பனாரஸ் பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தோம். அவர் சொன்னதுதான் விஷயம். தாபாவிலிருந்து பஸ் கிளம்பி அரைமணி நேரம் கழித்து, எதிர்ப் பக்கச் சாலையில் ஒரு வெள்ளை டூரிஸ்ட் பஸ் நின்றிருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து கதவைத் தட்டிக் கத்தினார். அவருடைய ஆட்கள் என்று நினைத்து இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் தெரியாது.

கண்டக்டர் சொன்ன இடத்தை ஒட்டிய போலீஸ் அவுட்போஸ்ட்டில் கேட்டோம். ஏட்டு ஒரு நோட்டைத் திருப்பினார். அன்று காலை ஒன்பது மணி வாக்கில், பனியில் சாலையைக் கடந்த வயதான பெண்ணை லாரி அடித்திருந்தது. பெயர், ஊர் தெரியாது. பச்சைச் சேலை, பழுப்பு ஸ்வெட்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாலை ஐந்தரைக்கு உயிர் போயிருக்கிறது.

அன்று மாலை ஐந்தரைக்கு நாங்கள் காசியில் படித்துறையில் ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிணவறைக்குள் மாணிக்கவேலால் போக முடியவில்லை. வாசல்வரை வந்து சுவரில் சாய்ந்துவிட்டார். அக்காவும் நானும் போனோம். காந்திமதி அம்மாதான். முகத்தில் பெரிய காயம் இல்லை. தலைமுடி முழுக்க மண்ணும் ரத்தமும் காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா அங்கிருந்த ஆளிடம் தண்ணீர் கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை, கையைக் காட்டியதிலேயே அவனுக்குப் புரிந்தது. அக்கா தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, நனைத்து நனைத்து முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அரைமணி நேரம் ஆனது. அந்த ஆள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்து மாணிக்கவேலிடம் சொன்னார். "ஊருக்கு எடுத்துனு போலாம் தம்பி. பிளேன்ல கொண்டு போக என்னா பேப்பர் வேணுமோ, ஷீலா பாத்துக்கும். நான் வூட்ல கொண்டாந்து வுடறேன்னு சொல்லித்தான் உங்கம்மாவ இட்டாந்தேன்."

மாணிக்கவேல் தலையை அசைத்தார். "வேணாம் ஆன்ட்டி. மூணு நாள் ஆயிடுச்சு. காசிக்கு எடுத்துட்டுப் போய் அங்கயே பண்ணிடலாம். அம்மாவுக்கும் புண்ணியம்தானே."

"உன் இஷ்டம்."

"இன்னொண்ணு." அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரையைத் தொட்டார். "பஸ் விட்டுட்டுப் போனது, லாரி... இதெல்லாம் ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம். ஆக்சிடென்ட்னு தெரிஞ்சா நான் ஏன் கூடப் போகலன்னு கேப்பாங்க. மூணு வருஷமா கேட்டாங்க ஆன்ட்டி. லீவ் இல்லன்னு சொன்னேன். லீவ் இருந்துச்சு. காசில குளிச்சுட்டு வந்து தூக்கத்துல போயிட்டாங்கன்னு சொல்லிக்கறேன். பிளீஸ். உங்களுக்கும் அதுதான் நல்லது."

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாணிக்கவேலின் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

அன்றே காசியில் எரித்தோம். மாணிக்கவேல் மொட்டை போட்டுக்கொண்டார். தனியாக ஊர் சுற்றிய காலத்தில் நான் இதே படித்துறைக்கு வந்து, வெளிநாட்டுக்காரர்களோடு படகில் உட்கார்ந்து, தள்ளி இருந்து நெருப்புகளைப் பார்த்திருக்கிறேன். அன்றும் படகுகளில் ஆட்கள் இருந்தார்கள். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயவேலு அண்ணன் நாற்பத்தொரு பேரையும் தாம்பரத்தில் இறக்கிவிட்டு எனக்கு போன் செய்தார். "எல்லாரும் வந்துட்டாங்கன்னு அக்காகிட்ட சொல்லு" என்றார். பிறகு, "அப்படிச் சொல்லாத, வாணாம்" என்று வைத்துவிட்டார். வந்த நாற்பத்தொரு பேருக்கும் காந்திமதி அம்மா தொலைந்தது மட்டுமே தெரியும். பிறகு கிடைத்தார், காசியிலேயே அமைதியாக உயிர் பிரிந்தது என்று மாணிக்கவேல் அனுப்பிய செய்தியை அவர்கள் சந்தோஷமாகவே நம்பினார்கள். ஜெயஸ்ரீ மட்டும் என்னிடம் வந்து உண்மையா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அது நான் சொன்ன பொய்.

பதினாறாம் நாள் காரியம் ஊரப்பாக்கம் வீட்டில். மாடியில் சாமியானா போட்டிருந்தார்கள். காந்திமதி அம்மாவின் படத்துக்கு மாலை, பக்கத்தில் ஒரு காசிச் சொம்பு. அக்கா வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. பத்து மணிக்கே வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"எத்தினி பேருக்குக் கெடைக்கும் இந்த சாவு? கங்கையில முழுகிட்டு வந்து படுத்தவ, எழுந்துக்கல."

"வலி இல்ல, ஒண்ணும் இல்ல."

"புள்ள கையால காசியிலயே கொள்ளி. குடுத்து வெச்ச மகராசி."

மாணிக்கவேல் மொட்டைத் தலையோடு, கையில் இலைக்கட்டோடு, பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது.

அப்போது ஒரு அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். "நீங்கதானே டூர் இட்டுனு போறவங்க? அடுத்த காசி எப்போ? எனக்கு ஒரு சீட்டு போட்டு வைங்க. நீங்க இட்டுனு போனா ராசின்னு எல்லாரும் சொல்றாங்க."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்தார். மாணிக்கவேல் அதைக் கவனித்துவிட்டு, இலைக்கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார். "ஆன்ட்டி" என்றார். "ஆன்ட்டி, வேணாம்."

"தம்பி, நீ மன்னிச்சுக்கோ" என்றார் அக்கா. பிறகு சாமியானா முழுவதற்கும் கேட்கிற மாதிரி, டூர் மீட்டிங்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார். "அவங்க தூக்கத்துல போகல. நான் ரோட்ல வுட்டுட்டு வண்டிய எடுத்துட்டேன். எங்க பஸ்ஸுன்னு நெனச்சு வேற பஸ்ஸ பாத்து ஓடினாங்க. லாரி அடிச்சுது. புள்ள மேல தப்பு இல்ல. அது என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லிச்சு. நான் கூட்டினு போனேன். நான் கொண்டாந்து வுடல."

யாரோ குழந்தையை அதட்டி அடக்கினார்கள்.

முன் வரிசையிலிருந்து காந்திமதி அம்மாவின் தங்கை அங்காளம்மா எழுந்து வந்தார். அக்காவைவிடச் சின்ன உருவம். "அடிச்சதும் போயிட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எத்தினி மணிக்கு அடிச்சுது?"

"காலைல ஒம்பது."

"எப்ப போனா?"

"சாயங்காலம் அஞ்சரை."

அங்காளம்மாவின் உதடு அசைந்தது. அந்த நேரத்தை அவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. "கூட யார் இருந்தா?"

"யாரும் இல்லமா."

அங்காளம்மா அக்காவின் கன்னத்தில் அறைந்தார். சத்தம் பெரிதாக இல்லை. அக்கா நகரவில்லை. நான் நடுவில் போக எழுந்தபோது என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டு ஆண்கள் வந்து, "கெளம்புங்க, மொதல்ல கெளம்புங்க" என்று படிக்கட்டைக் காட்டினார்கள். மாணிக்கவேல் படத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் போகவில்லை.

கீழே கேட்டுக்கு வெளியே அக்கா வெயிலில் நின்றார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"நீ போ. அந்தம்மாவுக்கு இன்னும் கேக்க வேண்டியது இருக்கும். கேக்கணும்னு வரும்போது ஆளு இங்க இருக்கணும்."

"அவங்க வரமாட்டாங்கக்கா. அடிச்சுட்டாங்க."

"அடிச்சா இன்னா?"

நான் போகவில்லை. பந்தி முடிந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்களைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தி, தாண்டியதும் தொடர்ந்தார்கள். சீட்டு கேட்ட அம்மாள் எங்களைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். ஜெயஸ்ரீ எதிர்வீட்டு ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். ரயில் போகிற சத்தம் நான்கைந்து முறை கேட்டது.

மூன்று மணிக்கு மேல் அங்காளம்மா வந்தார். கையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதில் தான் உட்கார்ந்தார். அழுது வீங்கிய முகம். அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரு" என்றார் அங்காளம்மா. "வூட்ட வுட்டுக் கெளம்பினதுல இருந்து சொல்லு. ஒண்ணு வுடாத."

அக்கா உட்கார்ந்தார். தாம்பரத்தில் ரயிலேறிய சாயங்காலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.